பீடிப் புகையும் பாட்டாளியின் பொறுப்பும்

சென்ற வாரம் நெல்லித்தோப்பில் நமது கிளைக் கூட்டம் ஒன்று நடந்தது. விலைவாசி எதிர்ப்பு இயக்கம் பற்றிப் பேசக் கூடிய கூட்டம். அறை சிறியது, வந்திருந்த தோழர்கள் பதினெட்டுப் பேர். அரை மணி நேரத்தில் எதிரே இருப்பவர் முகம் தெரியாத அளவுக்குப் பீடிப் புகை. அப்போது ஓர் இளந்தோழர் எழுந்தார். "தலைவர் அவர்களே, இனி நம் கூட்டங்களில் யாரும் பீடி, சிகரெட் பிடிக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் போடுவோம்" என்றார்.

அவ்வளவுதான்! விலைவாசி பின்னே போயிற்று; பீடி முன்னே வந்தது. இரண்டு மணி நேரம் காரசாரமான விவாதம். முடிவில் தீர்மானம் நிறைவேறவும் இல்லை, தோற்கவும் இல்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது.

அந்த விவாதத்தில் இரண்டு வாதங்கள் ஓங்கி ஒலித்தன. ஆலையில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "என் காசு, என் பீடி, என் நெஞ்சு. கட்சிக்குச் சந்தா ஒழுங்காகக் கட்டுகிறேன். ஊர்வலம் என்றால் முதல் ஆளாக நிற்கிறேன். என் நெஞ்சுக்குள்ளே என்ன நடக்கிறது என்று கேட்க நீங்கள் யார்?" இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூன்று முறை இருமல் வந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இன்னொரு தோழர் நன்றாகப் படித்தவர். அவர் சொன்னது இது: "தனிமனிதனைக் குறை சொல்வது முதலாளியின் பாஷை. நஞ்சை விற்பவன் கம்பெனிக்காரன். அதில் வரி வாங்குவது சர்க்கார். குற்றவாளிகளை விட்டுவிட்டுத் தொழிலாளியின் வாயிலிருக்கும் பீடியைப் பிடுங்குவதா நம் வேலை? சமுதாயம் மாறட்டும், பீடி தானாக ஒழியும்!"

இரண்டு வாதங்களிலும் உண்மை இருக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று வலப்பக்கமாகவும் மற்றது இடப்பக்கமாகவும் சுற்றி வந்து, இரண்டும் ஒரே இடத்தில்தான் முடிகின்றன: பீடி தொடர்ந்து எரியும், தோழரின் நெஞ்சும் தொடர்ந்து எரியும். ஆகவேதான் இதைப் பற்றி எழுதுகிறோம்.

இஷ்டமா, விலங்கா?

"என் இஷ்டம்" என்கிறார் பெரியவர். நல்லது. இஷ்டம் என்றால் என்ன? வேண்டும்போது எடுப்பதும் வேண்டாதபோது விடுவதும்தானே இஷ்டம்? நாம் அவரை ஒன்று கேட்கிறோம். நாளைக் காலை எழுந்தது முதல் மாலை வரை ஒரு பீடியும் இல்லாமல் இருங்கள், ஐயா. முடிந்தால் அது உங்கள் இஷ்டம். முடியாவிட்டால் அதற்கு வேறு பெயர்.

புகையிலையில் நிக்கோட்டின் என்ற பொருள் இருக்கிறது. புகையை உள்ளே இழுத்த சில வினாடிகளில் அது மூளையை எட்டிவிடுகிறது. மூளைக்கு ஒரு கணம் தெம்பு கிடைத்தது போலத் தோன்றுகிறது. சிறிது நேரத்தில் அது இறங்கிவிடுகிறது. உடனே எரிச்சல், பதற்றம், வேலையில் மனம் செல்லாமை. மறுபடி ஒரு பீடி. "பீடி பிடித்தால்தான் மனம் அமைதியாகிறது" என்று தோழர்கள் சொல்கிறார்களே, அந்த அமைதியின்மையைக் கொண்டு வந்ததே முந்தைய பீடிதான். கடன் கொடுத்தவனே வட்டி கட்ட மீண்டும் கடன் கொடுப்பது போன்ற வேலை இது. கந்துவட்டிக்காரனை எதிர்த்துக் கொடி பிடிக்கும் நாம், சட்டைப் பைக்குள் ஒரு கந்துவட்டிக்காரனை வைத்துக் கொண்டு திரியலாமா?

இந்த உண்மை கம்பெனிகளுக்குத் தெரியாதா? தெரியும்! 1994 ஏப்ரல் 14 அன்று அமெரிக்கப் பாராளுமன்றக் குழு ஒன்றின் முன் ஏழு பெரிய புகையிலைக் கம்பெனிகளின் தலைவர்கள் வரிசையாக நின்று கை தூக்கிச் சத்தியம் செய்தார்கள். நிக்கோட்டின் யாரையும் அடிமையாக்காது என்பதே தங்கள் நம்பிக்கை என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். பின்னர் அவர்களுடைய கம்பெனிக் கோப்புகளே வெளிவந்தன. அடிமையாக்கும் என்பதைப் பல ஆண்டுகளாக அறிந்தே விற்றார்கள் என்பது அம்பலமாயிற்று. 2006-ல் அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், கம்பெனிகள் பொதுமக்களைப் பல பத்தாண்டுகளாக ஏமாற்றின என்று தீர்ப்பே எழுதினார்.

ஆகவே பெரியவரே, "என் இஷ்டம்" என்று நீங்கள் சொல்லும்போது அதைக் கேட்டு அதிகம் மகிழ்கிறவன் யார்? அந்தக் கம்பெனிக்காரன்! விலங்கைப் பூட்டிவிட்டு, "இது உன் விருப்பப்படி அணிந்த காப்பு" என்று சொல்லிக் கொடுத்தவன் அவன்.

"என் நெஞ்சு" என்பதும் பாதி உண்மையே. புகைக்கு வேலி இல்லை. ஒற்றை அறை வீட்டில் கணவன் பிடிக்கும் பீடி மனைவியின் நெஞ்சிலும் ஏறுகிறது; தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் நெஞ்சிலும் ஏறுகிறது. 1981-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் ஹிராயாமா ஓர் உண்மையை வெளியிட்டார். தாங்கள் ஒருபோதும் புகை பிடிக்காத பெண்கள்தாம். ஆனால் கணவன்மார் அதிகமாகப் பிடிப்பவர்கள். அப்பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வந்தது. அந்தப் பெண்கள் செய்த குற்றம் என்ன? ஒரே கூரையின் கீழ் வாழ்ந்ததுதான்.

குற்றவாளி யார்?

இனிப் படித்த தோழரிடம் வருவோம். குற்றவாளி கம்பெனி என்கிறார். நாமும் அதையே சொல்கிறோம்; இன்னும் உரக்கச் சொல்கிறோம்.

இந்தியாவின் மிகப் பெரிய சிகரெட் கம்பெனி ஐ.டி.சி. 1910-ல் கல்கத்தாவில் வெள்ளைக்காரன் தொடங்கியபோது அதன் பெயர் இம்பீரியல் டொபாக்கோ. பெயர் மாறியது, கொடி மாறியது. இன்றும் அதன் பங்குகளில் ஒரு கணிசமான பகுதி லண்டனில் தலைமையகம் கொண்ட பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் கையில். இன்னொரு கணிசமான பகுதி யார் கையில் தெரியுமா? நம் நாட்டுப் பொதுத்துறை ஆயுள் காப்பீட்டுக் கழகமான எல்.ஐ.சி.யின் கையில்! உயிருக்குக் காப்பு எழுதும் நிறுவனம், உயிரைக் குடிக்கும் தொழிலில் பங்கு வைத்திருக்கிறது. ஒரு பக்கம் பாக்கெட்டின் 85 சதவிகித இடத்தில் எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்று 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். மறு பக்கம் அதே பாக்கெட்டின் லாபத்தில் பங்கு. இதை எதிர்த்து நாம் பேசத்தான் வேண்டும். பேசுவோம்.

ஆனால் தோழரே, ஒன்றைக் கவனியுங்கள். நோயாளிகள் வழக்குப் போட்டபோது இதே கம்பெனிகள் நீதிமன்றத்தில் என்ன வாதாடின? "தெரிந்துதான் பிடித்தான், அவன் உடல்நலம் அவன் பொறுப்பு" என்றுதான். தனிமனிதப் பொறுப்பு என்ற சொல்லை அவர்கள் தப்பிக்கும் வாசலாக வைத்துக் கொண்டார்கள். அதனால் அந்தச் சொல்லே நமக்கு வேண்டாம் என்று நீங்கள் தூக்கி எறிகிறீர்கள். இங்கேதான் நாம் வேறுபடுகிறோம். திருடன் கையில் இருக்கிறது என்பதற்காக நம் வீட்டுச் சாவியை அவனுக்கே விட்டுக் கொடுப்போமா?

பொறுப்பு வேறு, குற்றம் வேறு. குழியை வெட்டியவன் குற்றவாளி. ஆனால் குழியிலிருந்து ஏறி வருவது விழுந்தவன் செய்ய வேண்டிய காரியம். "வெட்டியவன் வந்து தூக்கிவிடட்டும்" என்று குழிக்குள் உட்கார்ந்திருந்தால் மண் விழுந்துகொண்டே இருக்கும்.

இந்த ஊருக்கு இது புதிய பாடமல்ல. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி ஆலைகளில் விடிவதற்கு முன் உள்ளே போன தொழிலாளி இருட்டிய பின் வெளியே வந்தான். குற்றவாளி யார்? ஆலை முதலாளியும் அவனுக்குத் துணை நின்ற ஆட்சியும். அதற்காக நம் முன்னோர், "முதலாளித்துவம் ஒழியட்டும், வேலை நேரம் தானாகக் குறையும்" என்று காத்திருந்தார்களா? இல்லை! வ. சுப்பையா வழிகாட்ட, சங்கமாகச் சேர்ந்தார்கள். ஆலைக்குள் அமர்ந்து போராடினார்கள். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் படை சுட்டது. பன்னிரண்டு பேர் பிணமாக விழுந்தார்கள். 1937 ஏப்ரல் 6-ஆம் தேதி ஆணையின் மூலம் எட்டு மணி நேர வேலை என்ற உரிமை சட்டமாக எழுதப்பட்டது. வேலை எட்டு மணி, ஓய்வு எட்டு மணி, மீதி எட்டு மணி மனிதனாக வாழ்வதற்கு. அந்த மீதி எட்டு மணியைப் பன்னிரண்டு உயிர் கொடுத்து வாங்கினோம். அதில் எத்தனை மணியை இன்று பீடிக்குக் கொடுக்கிறோம்? ஆயுளில் எத்தனை ஆண்டுகளைக் கொடுக்கிறோம்?

பஞ்சும் பீடியும்

பழைய ஆலைத் தொழிலாளிகளுக்குப் பீடி எப்படிப் பழகியது என்று விசாரித்தால் பெரும்பாலோர் ஒரே கதையைச் சொல்கிறார்கள். "களைப்பாக இருக்கிறது, ஐந்து நிமிடம் உட்காருகிறேன்" என்றால் மேஸ்திரி திட்டுவார். "ஒரு பீடி இழுத்துவிட்டு வருகிறேன்" என்றால் விட்டுவிடுவார். அந்த ஐந்து நிமிட ஓய்வுக்காகவே பீடி பிடிக்காத பையன்களும் பிடிக்கத் தொடங்கினார்கள். ஓய்வு தொழிலாளியின் உரிமை. அந்த உரிமையை நேராகக் கேட்க முடியாத இடத்தில் பீடி அதற்கு அனுமதிச் சீட்டாயிற்று. இன்றும் கட்டட வேலையில், சுமை வேலையில், தொழிற்பேட்டைகளில் இதே நிலைதான். ஆகவே நம் சங்கங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது: பீடி இல்லாமலும் ஐந்து நிமிடம் உட்காரும் உரிமையைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றும் உண்டு. பஞ்சுத் தூசி தொழிலாளியின் நெஞ்சை அரிக்கும். ஞாயிறு ஓய்வுக்குப் பின் திங்கட்கிழமை ஆலைக்குள் நுழைந்ததும் மார்பு இறுகும், மூச்சு முட்டும். டாக்டர்கள் இதற்குப் பிசினோசிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இழப்பீட்டுக்கு உரிய தொழில் நோய் என்று சட்டம் இதை ஏற்றிருக்கிறது. பஞ்சுத் தூசியோடு பீடிப் புகையும் சேர்ந்தால் நெஞ்சின் சேதம் இன்னும் அதிகமாகிறது. அது மட்டுமா? இழப்பீடு கேட்டுப் போகும்போது நிர்வாகம் முதலில் கேட்கும் கேள்வி, "பீடி பிடிப்பாயா?" என்பது. "ஆம்" என்று சொன்ன மாத்திரத்தில், தூசியின் குற்றம் முழுவதையும் பீடியின் மேல் போட்டுவிடப் பார்க்கும். முதலாளிக்கு எதிரான வழக்கில் முதலாளிக்கே சாட்சி சொல்லும் பொருளை நாம் ஏன் பையில் வைத்திருக்க வேண்டும்?

ஏ.எஃப்.டி. ஆலை 2020-ல் மூடப்பட்டுவிட்டது. ஆலைச் சங்கு ஓய்ந்துவிட்டது. இருமல் மட்டும் ஓயவில்லை.

"மார்க்ஸ் பிடிக்கவில்லையா?"

கூட்டத்தில் ஒரு குரல் இப்படியும் கேட்டது. கேட்டவருக்குக் கைதட்டலும் கிடைத்தது. பிடித்தார், தோழரே. மலிவான சுருட்டுகளை ஒன்றின் பின் ஒன்றாகப் பிடித்தார். கடைசி ஆண்டுகளில் நெஞ்சு நோயால் மிகவும் துன்புற்றார். 1883 மார்ச் 14 அன்று 64 வயதில் மறைந்தார். 'மூலதனம்' நூலின் இரண்டாம் பாகமும் மூன்றாம் பாகமும் முடிவு பெறாத கையெழுத்துப் பிரதிகளாகக் கிடந்தன. எங்கெல்ஸ் உட்கார்ந்து ஒழுங்குபடுத்தி 1885-லும் 1894-லும் வெளியிட வேண்டியதாயிற்று. அவருடைய நோய்க்குச் சுருட்டு மட்டுமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. வறுமையும் அலைச்சலும் இருந்தன. ஆனால் அவர் காலத்தில் இந்த விஞ்ஞானம் இல்லை. நம் காலத்தில் இருக்கிறது. மார்க்சிடம் கற்க எவ்வளவோ இருக்க, சுருட்டை மட்டும் கற்றுக் கொள்வது என்ன நியாயம்?

சுருட்டுக்கு உலகப் புகழ் பெற்ற நாடு க்யூபா. அந்நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டு வரும் பொருள்களில் ஒன்று சுருட்டு. ஃபிடல் காஸ்ட்ரோவைச் சுருட்டில்லாமல் படம் எடுத்தவர்கள் குறைவு. அவர் 1985-ல் சுருட்டை விட்டார். மக்களிடம் புகைக்காதே என்று பிரசாரம் செய்ய வேண்டும். அதற்குத் தாம் முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று கருதினார். அப்போது அவருக்கு வயது 60-ஐ நெருங்கிக் கொண்டிருந்தது. 90 வயது வரை வாழ்ந்து 2016-ல் மறைந்தார். தலைவன் என்பவன் தன்னிடமிருந்து தொடங்குகிறான்.

கணக்கு சொல்வது என்ன?

"என் பாட்டனார் தொண்ணூறு வயது வரை சுருட்டுப் பிடித்தார்" என்று ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் சொல்லுவார். போரில் குண்டு படாமல் திரும்பியவனும் உண்டு. அதனால் குண்டு கொல்லாது என்று ஆகுமா?

இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் என்ற இருவர் 1950-ல் நுரையீரல் புற்றுநோய்க்கும் புகைக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார்கள். டால் முதலில் புகையைச் சந்தேகிக்கவே இல்லை. மோட்டார் வண்டிப் புகையோ, சாலையில் போடும் தாரோ காரணமாயிருக்கும் என்று எண்ணினார். நோயாளிகளை விசாரிக்க விசாரிக்க உண்மை தெரிந்தது. ஆராய்ச்சி முடியும் முன்பே அவர் தாமே சிகரெட்டை விட்டுவிட்டார்! பின்னர் 1951 முதல் 34,439 ஆண் டாக்டர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். 2004-ல் வெளியான முடிவு இது: விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாகச் செத்தார்கள்.

"அது வெள்ளைக்கார டாக்டர்கள் கதை, நம் பீடிக்குப் பொருந்துமா?" என்று கேட்கலாம். பொருந்தும். சென்னை டாக்டர் கஜலட்சுமியும் அவருடன் பணியாற்றியவர்களும் தமிழ்நாட்டில் நகரத்திலும் கிராமத்திலும் 43,000 ஆண்களின் மரணங்களை ஆராய்ந்து 2003-ல் வெளியிட்டார்கள். நம் நாட்டில் புகை அதிகமாகக் கொல்வது புற்றுநோயால் மட்டுமல்ல, காசநோயால் என்று கண்டார்கள். காசநோயில் சாகும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாவுக்குப் புகை காரணம். 2008-ல் நாடு முழுவதும் 11 லட்சம் வீடுகளில் விசாரித்து வெளிவந்த ஆய்வு, பீடி பிடிக்கும் ஆண் ஏறக்குறைய ஆறு ஆண்டுகளையும், சிகரெட் பிடிக்கும் ஆண் பத்து ஆண்டுகளையும் இழக்கிறான் என்றது. நாளைக்கு ஏழுக்கு மேற்படாத பீடி பிடிப்பவனுக்கும் சாவின் அபாயம் கால் பங்கு கூடுகிறது. "நான் கொஞ்சம்தான்" என்பதும் இதோடு முடிந்தது.

இவ்வளவும் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நல்ல செய்தியும் அதே கணக்கில் இருக்கிறது. அந்த டாக்டர்களில் 30 வயதில் விட்டவர்கள் இழக்கவிருந்த பத்து ஆண்டுகளையும் ஏறக்குறைய முழுதாக மீட்டார்கள். 40-ல் விட்டவர்கள் ஒன்பது ஆண்டுகள் மீட்டார்கள். 50-ல் விட்டவர்கள் ஆறு. 60-ல் விட்டவர்களுக்கும் மூன்று ஆண்டுகள் கிடைத்தன. ஆகவே பெரியவரே, "இனி விட்டு என்ன ஆகப் போகிறது?" என்று சொல்லாதீர்கள். மூன்று ஆண்டு என்பது ஒரு பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்குவதைப் பார்க்கும் காலம்.

காசுக் கணக்கும் பார்ப்போம். நாளுக்கு 50 ரூபாய் புகைக்குப் போகிறது என்று வைத்துக் கொண்டால் ஆண்டுக்கு 18,250 ரூபாய். முப்பது ஆண்டில் ஐந்து லட்சத்து 47 ஆயிரத்து 500 ரூபாய். சம்பளத்தில் நூறு ரூபாய் வெட்டினால் வேலை நிறுத்தம் செய்கிறோம். நம் கையாலேயே ஆயிரக்கணக்கில் வெட்டிக் கொண்டு மௌனமாக இருக்கிறோம்!

பீடி சுற்றும் சகோதரிகள்

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். திருநெல்வேலிப் பக்கத்திலும் வேலூர்ப் பக்கத்திலும் ஆயிரமாயிரம் பெண்கள் பீடி சுற்றிப் பிழைக்கிறார்கள். பீடித் தொழிலாளருக்காக ஏ.கே. கோபாலன் போன்றோர் போராடியதால்தான் 1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. "பீடியை விடு" என்று சொல்லி அவர்கள் அடுப்பை அணைக்கலாமா?

கூடாது. ஆனால் ஒரு தொழிலாளியின் நெஞ்சை எரித்துத்தான் இன்னொரு தொழிலாளியின் அடுப்பு எரிய வேண்டும் என்பது யார் வகுத்த விதி? பீடித் தூளை நாள் முழுவதும் சுவாசிக்கும் அந்தச் சகோதரிகளின் நெஞ்சும் புண்தான். 1969-ல் கண்ணூரில் வேலையிழந்த பீடித் தொழிலாளர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து தினேஷ் பீடியைத் தொடங்கினார்கள். காலம் மாறியதை உணர்ந்து பின்னர் அவர்களே உணவுப் பொருள், குடை என்று வேறு தொழில்களிலும் இறங்கினார்கள். வழி உண்டு என்பதற்கு அது சாட்சி. மாற்று வேலை கொடு என்று சர்க்காரைக் கேட்பது நம் கடமை. நாம் பீடி பிடிப்பதால் அவர்கள் வாழ்வு உயரப் போவதில்லை.

கிளைகள் செய்ய வேண்டியது

இனிக் காரியத்துக்கு வருவோம். பீடியை விடுவது எளிதல்ல. ஒரே முயற்சியில் விடுகிறவர்கள் சிலர்தான். பலருக்குப் பல முறை முயல வேண்டி வருகிறது. ஆகவே ஒரு முறை தவறிய தோழரைக் கேலி செய்யாதீர்கள். வேலை நிறுத்தம் ஒன்று தோற்றால் சங்கத்தையா கலைத்துவிடுகிறோம்?

தனியாக முதலாளியிடம் போய்க் கூலி கேட்டவன் வெளியே தள்ளப்பட்டான். சங்கமாகப் போனவர்கள் வாங்கி வந்தார்கள். பீடி விஷயத்திலும் அதுவே வழி. விட நினைக்கும் தோழர்கள் இருவர் மூவராகச் சேருங்கள். ஒரு தேதி குறியுங்கள். வீட்டில் சொல்லுங்கள், கிளையில் சொல்லுங்கள். முதல் சில நாட்கள்தான் கடுமை; முதல் வாரம் கடந்தால் பாரம் குறையத் தொடங்கும். ஆசை எழும் வேகம் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களுக்குத் தண்ணீர் குடியுங்கள், நடங்கள், பக்கத்துத் தோழரிடம் பேசுங்கள். டீயும் பீடியும் சேர்ந்தே பழகியவர்கள் கொஞ்ச காலம் டீக்கடை பெஞ்சை மாற்றிக் கொள்ளுங்கள்.

அப்படியும் முடியாவிட்டால் டாக்டரிடம் போவதில் வெட்கமில்லை. இது நோய், நோய்க்கு மருந்து உண்டு. நமக்குக் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது; அரசு மார்பு நோய் மருத்துவமனை இருக்கிறது. மத்திய அரசின் இலவசத் தொலைபேசி 1800-11-2356. அந்த எண் பீடிக் கட்டின் மேலேயே அச்சிட்டிருக்கிறது. இத்தனை நாள் நெருப்புக்காகத் தடவிய கட்டை ஒரு முறை படித்துப் பாருங்கள்.

கிளைகளுக்கு ஒரு வார்த்தை. 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படியும் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படியும் பொது இடங்களில் புகைப்பது குற்றம். 200 ரூபாய் வரை அபராதம். அலுவலகங்களும் அதில் அடக்கம். சட்டத்தை மதிக்கவில்லை என்று அதிகாரிகளைக் கண்டிக்கும் நம் அலுவலக மேசைகளில் சாம்பல் கிண்ணம் இருப்பது வெட்கக்கேடு. இதை எழுதும் நமது பத்திரிகை அலுவலகத்திலும் நேற்று வரை ஒன்று இருந்தது. இன்று அதை எடுத்துவிட்டோம். கட்சிக்கு வரும் பதினாறு வயதுப் பையன் நம்மிடம் முதலில் கற்பது பேச்சா, பீடியா என்று ஒவ்வொரு மூத்த தோழரும் தம்மைக் கேட்டுக் கொள்ள வேண்டும்.

ஆகவே நெல்லித்தோப்புத் தோழர்களுக்கு நமது யோசனை இதுதான். தள்ளி வைத்த தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் எடுங்கள், நிறைவேற்றுங்கள். அதோடு இன்னொரு தீர்மானமும் சேருங்கள்: விட விரும்பும் தோழர் யாராயினும் அவருக்குத் துணை நிற்பது கிளையின் பொறுப்பு. முதல் தீர்மானம் மட்டும் போட்டால் அது அதிகாரம். இரண்டும் சேர்ந்தால்தான் தோழமை.

அந்தப் பெரியவரைக் கூட்டம் முடிந்து வெளியே பார்த்தோம். பீடியைக் கையில் உருட்டிக் கொண்டே நின்றார். "எனக்குப் பன்னிரண்டு வயதில் பழகியது. விட முடியும் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. விடு, விடு என்றுதான் சொன்னார்கள்" என்றார். அந்தச் சொல் நம்மைச் சுட்டது. அந்தக் குற்றம் நம்முடையது.

பெரியவரே, இப்போது சொல்கிறோம்: முடியும். ஆனால் அந்தக் கட்டைத் தூக்கி எறிய வேண்டிய கை உங்களுடையது. அதை வேறு யாரும் உங்களுக்காகச் செய்ய முடியாது. பக்கத்தில் நிற்பது எங்கள் வேலை.

ஜூலை 30 வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் அன்று அந்தப் பன்னிரண்டு தியாகிகளுக்கு மலர் வைக்கிறோம். இந்த ஆண்டு மலரோடு சட்டைப் பையிலிருக்கும் பீடிக் கட்டையும் தீப்பெட்டியையும் அங்கே வைத்துவிட்டு வெறும் கையோடு திரும்புவோம். அவர்கள் நமக்கு வாங்கித் தந்த நேரத்தைப் புகைக்கு விட மாட்டோம் என்பதற்கு அதுவே உறுதிமொழி!